புது 5ஜி போனில் ஒரு பாயின்ட், பழைய 4ஜி போனில் நாலு பாயின்ட்: கோளாறு போனிலா, இடத்திலா?

வாய்க்கால்மேடு:

வணக்கம். புதுசா ஒரு 5ஜி போன் வாங்கியிருக்கு. இந்தியாவில் விற்கிற மாடல்தான், கடையில் பில்லோடு எடுத்தது. கிராமத்து வீடு, தரைதளம், மேலே கான்கிரீட். டவர் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளி, நடுவில் தென்னந்தோப்பு. பழைய 4ஜி போனில் இதே சிம்மைப் போட்டால் கூடத்தில் நாலு பாயின்ட் நிற்கும். புது போனில் ஒரு பாயின்ட், சில நேரம் அதுவும் போய்விடுகிறது. கால் பேசும்போது எதிர்முனையில் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது; நாங்கள் பேசுவதுதான் அவர்களுக்கு விட்டுவிட்டுப் போகிறது. போனின் பின்பக்கம் சூடாகிறது, சார்ஜும் சீக்கிரம் இறங்குகிறது. இரண்டாவது சிம் வேறு கம்பெனி. அதற்குக் கூப்பிட்டால் பல நேரம் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வருகிறதாம்.

ரீஸ்டார்ட், ஏரோபிளேன் மோடு, சாஃப்ட்வேர் அப்டேட், சிம் ஸ்லாட் மாற்றிப் போடுவது எல்லாம் பார்த்தாயிற்று. நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் மட்டும் பாக்கி. கடையில் மாற்றிக் கொடுக்கும் கெடு முடியப் போகிறது. போனில் குறையா, இந்த இடத்துக்கு 5ஜி ஒத்துவரவில்லையா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

---

அலைக்கற்றை:

முதலில் பாயின்ட்டைப் பார்ப்பதை நிறுத்துங்கள். எத்தனை பாயின்ட் காட்ட வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஆண்ட்ராய்டின் மூல நிரலில் இருக்கும் இயல்பு அளவுகளைச் சொல்கிறேன். டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடும். 4ஜி-க்கு -98 டிபிஎம் அல்லது அதைவிட நன்றாக இருந்தால் நாலு பாயின்ட். -108 வரை மூன்று, -118 வரை இரண்டு, -128 வரை ஒன்று. 5ஜி-க்கு அதே நாலு பாயின்ட் வர -65 வேண்டும். -80 வரை மூன்று, -90 வரை இரண்டு, -110 வரை ஒன்றுதான். அதாவது -95 டிபிஎம் சிக்னல் 4ஜி-யில் முழுப் பாயின்ட், 5ஜி-யில் ஒற்றைப் பாயின்ட். போன் கம்பெனியும் நெட்வொர்க் கம்பெனியும் இந்த அளவுகளை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இரண்டு போன்களின் பாயின்ட்டை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எண்ணைப் பாருங்கள். டயலரில் *#*#4636#*#* அடித்தால் பல ஆண்ட்ராய்டு போன்களில் போன் இன்ஃபர்மேஷன் பக்கம் திறக்கும். சாம்சங்கில் *#0011#. ஐபோனில் *3001#12345#* அடித்து கால் பட்டனை அழுத்த வேண்டும். எதுவும் திறக்கவில்லை என்றால் நெட்மான்ஸ்டர் போன்ற செல் தகவல் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். லொகேஷன் அனுமதி கொடுத்தால்தான் அது செல் விவரத்தைக் காட்டும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கு. ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரிலிருந்து வரும் சிக்னலின் வலு. எஸ்ஐஎன்ஆர், அதாவது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பது. சேனல் எண். பிசிஐ, அதாவது எந்த செல்லில் இருக்கிறீர்கள் என்பதற்கான அடையாள எண்.

4ஜி ஆர்எஸ்ஆர்பி -90-க்கு மேல் என்றால் கவலையே இல்லை. -100 வரை பேசவும் நெட்டுக்கும் போதும். -110-க்குக் கீழே போனால் வீட்டுக்குள் நடமாடும்போதே விட்டுவிட்டு வரும். -120 என்றால் கட் ஆகப்போகிறது என்று அர்த்தம். 3 டெசிபெல் குறைந்தால் திறன் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. எஸ்ஐஎன்ஆர் 13-க்கு மேல் நல்லது. 0-க்குக் கீழே போனால் ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்தும் வேகம் வராது.

சேனல் எண்ணை வைத்து எந்த பேண்ட், அதாவது எந்த அலைவரிசைத் தொகுதி என்று கண்டுபிடிக்கலாம். 4ஜி-யில் 0 முதல் 599 வரை பேண்ட் 1 (2100 மெகாஹெர்ட்ஸ்), 1200 முதல் 1949 வரை பேண்ட் 3 (1800), 2400 முதல் 2649 வரை பேண்ட் 5 (850), 3450 முதல் 3799 வரை பேண்ட் 8 (900), 9210 முதல் 9659 வரை பேண்ட் 28 (700), 38650 முதல் 39649 வரை பேண்ட் 40 (2300). 5ஜி-யில் 620000 முதல் 653333 வரை என்78, 151600 முதல் 160600 வரை என்28.

சோதனை இப்படிச் செய்யுங்கள். ஒரே சிம். ஒரே மர மேசை, அதே இடம். இரண்டு போனிலும் கவரைக் கழற்றிவிடுங்கள், கையில் பிடிக்காதீர்கள். கையால் மூடினாலே சில டெசிபெல் போகும். புது போனில் விருப்ப நெட்வொர்க்கை 4ஜி-க்கு மாற்றுங்கள். ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் விட்டு எண்ணைக் குறியுங்கள். பிசிஐ-யும் சேனலும் இரண்டு போனிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். ஒன்றாக இருந்து 3, 4 டெசிபெல் வித்தியாசம் என்றால் போனில் குறை இல்லை. 10-க்கு மேல் தொடர்ந்து வித்தியாசம் வந்தால் போனைச் சந்தேகப்படலாம்.

பிறகு 5ஜி-யைத் திரும்பப் போட்டு அந்த எண்களையும் எடுங்கள். கால் பேசும்போது மேலே 5ஜி என்றே நிற்கிறதா, 4ஜி-க்கு மாறுகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

நெட்வொர்க் ரீசெட் இப்போது வேண்டாம். வைஃபை பாஸ்வேர்டு, புளூடூத் இணைப்பு எல்லாம் அழியும். டேட்டா வராத கோளாறுக்கு அது உதவலாம். ஆர்எஸ்ஆர்பி-யை ஒரு டெசிபெல்கூடக் கூட்டாது.

---

பழுதுமேசை:

மேலே சொன்ன சோதனையைக் கவரோடு ஒரு தடவை, கவர் இல்லாமல் ஒரு தடவை செய்யுங்க சார். கார் ஸ்டாண்டுக்காகப் பின்னாடி ஒட்டுற இரும்புத் தகடு, மேக்னெட் ரிங், உலோக பம்பர், மினுக்கும் உலோகப் பூச்சு அடிச்ச கவர், இது எல்லாமே ஆன்டெனாவோட ஒத்திசைவைக் கெடுக்கும். நிறைய போன்ல உலோக ஃபிரேமே ஆன்டெனா. ஃபிரேம்ல சின்னச் சின்ன பிளாஸ்டிக் கோடு வெட்டியிருக்கும் பாருங்க, அந்த இடத்தை உலோகத்தால மூடக் கூடாது. சாதா ரப்பர் கவரால ஒண்ணும் ஆகாது.

சிம்மையும் பாருங்க. பெரிய சிம்மைக் கத்தரிச்சு நானோவாக்கிப் போட்டிருந்தா தங்கத் தகடு சரியாகத் தொடாம "நோ சிம்", "நோ சர்வீஸ்"னு மாறி மாறிக் காட்டும். அப்படின்னா புது சிம் வாங்கிடுங்க. ஆனா ஒரு விஷயம்: சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. பேங்க் ஓடிபி எதுவும் வராது. அவசர வேலை இருந்தா முடிச்சிட்டு மாத்துங்க.

ரெண்டாவது சிம் பத்தி. பெரும்பாலான போன்ல ரெண்டு சிம்முக்கும் ரேடியோ பாகம் ஒண்ணுதான், மாத்தி மாத்திக் கேக்கும். முதல் சிம்ல பேசிட்டிருக்கும்போது ரெண்டாவதுக்குக் கால் வந்தா எல்லைக்கு வெளியேன்னுதான் சொல்லும். அது கோளாறு இல்லை. பேசாத நேரத்திலயும் அப்படிச் சொன்னா ரெண்டாவது சிம்முக்கு வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாவே கால் பேசுற வசதி, ஆன்ல இருக்கான்னு பாருங்க. 4636 பக்கத்துல ஐஎம்எஸ் சர்வீஸ் ஸ்டேட்டஸ்னு ஒரு இடம் இருக்கும். அங்க வாய்ஸ் ஓவர் எல்டிஇ "அவைலபிள்"னு இருக்கணும். ஜியோவுக்கு 2ஜி-யே கிடையாது, வோல்ட்டி இல்லைன்னா காலே இல்லை. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) ரெண்டும் 2ஜி வச்சிருக்காங்க, வோல்ட்டி பதிவாகலைன்னா அதுக்கு இறங்கும். 2ஜி-யும் எட்டாத இடத்துல கால் வராது.

4636-ல "எல்டிஇ ஒன்லி" (4ஜி மட்டும்), "என்ஆர் ஒன்லி" (5ஜி மட்டும்) அப்படின்னு இருக்கிறதைச் சோதனைக்கு மட்டும் வச்சுக்குங்க. அதை அப்படியே விட்டா வோல்ட்டி விழற நேரத்துல 2ஜி-க்கு இறங்க வழியில்லாம காலே வராமப் போயிடும். நிரந்தரமா வேணும்னா போன் செட்டிங்ஸ்ல வர்ற 4ஜி/3ஜி/2ஜி தானியங்கியைத் தேர்ந்தெடுங்க.

---

வாய்க்கால்மேடு:

மிக்க நன்றி. கூடத்தில், ஒரே மேசையில் எடுத்த எண்கள்:

பழைய போன், 4ஜி: சேனல் 1500-களில், ஆர்எஸ்ஆர்பி -96, எஸ்ஐஎன்ஆர் 9.
புது போன், 4ஜி, கவர் இல்லாமல்: அதே சேனல், அதே பிசிஐ, -98, எஸ்ஐஎன்ஆர் 8.
புது போன், 4ஜி, மேக்னெட் ரிங் கவரோடு: அதே செல், -104, எஸ்ஐஎன்ஆர் 4.
புது போன், 5ஜி, கவரோடு: சேனல் 63-இல் தொடங்கும் ஆறு இலக்க எண், -113, எஸ்ஐஎன்ஆர் -1. கவர் இல்லாமல் -107, எஸ்ஐஎன்ஆர் 3.

கால் பேசும்போது 5ஜி என்றே நிற்கிறது. இரண்டாவது சிம்முக்கு வோல்ட்டி அணைந்திருந்தது. போட்டதும் அவைலபிள் என்று காட்டுகிறது.

---

அலைக்கற்றை:

போன் நன்றாக இருக்கிறது. ஒரே செல்லில் -96-க்கும் -98-க்கும் உள்ள வித்தியாசம் அளவீட்டு ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். மாற்றிக் கேட்க வேண்டாம். வேறு ஒன்று கொடுத்தாலும் இதே எண்தான் வரும்.

குறை இரண்டு இடத்தில். ஒன்று, கவர் 6 டெசிபெல் தின்கிறது, அதாவது வந்த திறனில் முக்கால் பங்கு. அதைக் கழற்றிப் போடுங்கள்.

இரண்டாவது, உங்கள் போன் கூடத்துக்குள் என்78-இல் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 3.3 முதல் 3.7 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலை அது. வெட்டவெளியிலேயே 1800 மெகாஹெர்ட்ஸைவிட 5, 6 டெசிபெல் கூடுதலாக இழக்கும். தென்னை ஓலையும் கான்கிரீட் சுவரும் இந்த உயரமான அலைவரிசையை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். டவரில் இருக்கும் 5ஜி ஆன்டெனா பல உறுப்புகளைச் சேர்த்து உங்கள் பக்கம் கற்றையைக் குவிப்பதால் இறங்குவழியில், அதாவது டவரிலிருந்து போனுக்கு வரும் வழியில், அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டிவிடும். போனிலிருந்து டவருக்குப் போகும் ஏறுவழியில் போனுக்கு அவ்வளவு வசதி இல்லை. போன் அனுப்பும் உச்சத் திறன் வழக்கமாக 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். சில போன்கள் என்78-இல் 26 டிபிஎம், 400 மில்லிவாட் வரை போகும். அவ்வளவுதான். அதனால்தான் எதிர்முனைக் குரல் உங்களுக்குத் தெளிவாகவும் உங்கள் குரல் அங்கே உடைந்தும் கேட்கிறது. உச்சத் திறனில் விடாமல் அனுப்புவதுதான் சூட்டுக்கும் சார்ஜ் இறங்குவதற்கும் காரணம்.

உங்கள் வீட்டில் கால் 5ஜி-யிலேயே போகிறது என்பது முக்கியமான தகவல். 5ஜி இரண்டு வகையில் ஓடும். 4ஜி-யைத் துணையாக வைத்து ஓடும் வகையில் கால் எப்போதும் 4ஜி-யில்தான். தனித்து நிற்கும் 5ஜி-யில் கால் வரும்போது போன் 4ஜி-க்கு இறங்கலாம், அல்லது வோஎன்ஆர் மூலம் 5ஜி-யிலேயே பேசலாம். உங்களுடையது இந்தக் கடைசி வகை. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் வோஎன்ஆர் என்று பட்டன் இருந்தால் அதை மட்டும் அணைத்துப் பாருங்கள். கால் தொடங்கச் சில விநாடி கூடுதலாக ஆகும், ஆனால் குரல் -98-இல் இருக்கும் 4ஜி-யில் போகும். பட்டன் இல்லையென்றால் வீட்டில் இருக்கும்போது 4ஜி தானியங்கிக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது 5ஜி போட்டுக்கொள்ளலாம்.

டவர் பக்கம் பார்க்கும் ஜன்னல் ஓரத்திலும் மாடியிலும் ஒருமுறை எண் எடுங்கள். மாடியில் -85 என்று வந்து கூடத்தில் -107 என்றால் தடை வீட்டின் கட்டுமானத்தில்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை பெரிதாக மறைக்காது. தகரக் கூரை, ஜன்னலில் ஒட்டும் வெள்ளிநிற சன் ஃபிலிம், உலோக ஷட்டர் இவை மறைக்கும்.

---

மாடிவீட்டுக்காரன்:

எங்க வீட்லயும் இதே கதைதான். ஆன்லைன்ல சிக்னல் பூஸ்டர் விக்கிறாங்களே, மாடியில் ஒரு ஆன்டெனா, கூடத்தில் ஒரு பெட்டி. அதைப் போட்டால் என்ன? பிளே ஸ்டோர்லயும் சிக்னல் பூஸ்டர்னு செயலிகள் இருக்கே?

---

கம்பிவடம்:

இரண்டும் வேண்டாம் நண்பரே. செயலி விஷயம் சின்னது: ரேடியோவின் திறனை எந்தச் செயலியாலும் கூட்ட முடியாது. அவை செய்வதெல்லாம் இணைப்பை விட்டுத் திரும்பப் பிடிக்க வைப்பதுதான். ஏரோபிளேன் மோடு அதையே இலவசமாக, விளம்பரம் இல்லாமல் செய்யும்.

பூஸ்டர் பெட்டி பெரிய விஷயம். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே அப்படித்தான், 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அங்கீகாரம் இல்லாத ரேடியோ கருவிக்குத் தண்டம் வைத்திருக்கிறது. கடையில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதால் அது அனுமதி ஆகிவிடாது.

சட்டத்தை விடுங்கள், அது செய்யும் கெடுதலைப் பாருங்கள். பெட்டி 65 டெசிபெல் பெருக்குகிறது என்று வையுங்கள். மாடி ஆன்டெனாவுக்கும் கூடத்து ஆன்டெனாவுக்கும் நடுவில் அதைவிட 15 டெசிபெல்லாவது கூடுதலாகத் தடுப்பு இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டில் அது அமையாது. அமையாவிட்டால் உள்ளே விட்ட சிக்னல் மேலேறி மாடி ஆன்டெனாவுக்குள் புகுந்து, திரும்பப் பெருகி, பெட்டி தானே ஊளையிட ஆரம்பிக்கும். மேடை மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் வருமே, அதே போலத்தான். அந்த இரைச்சல் நேராக டவரின் ஏறுவழிக் காதில் விழும். தூரத்தில் இருந்து பேசுகிறவர்களின் மெல்லிய சிக்னல் அதற்குள் மூழ்கிப்போகும். சுற்றுவட்டாரத்தில் ஒருவர் வைத்த பெட்டியால் ஊரே "பாயின்ட் முழுசா இருக்கு, கால் போகல" என்று அவதிப்படும். அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிடுகிறவரும் அந்த ஊரில்தான் இருப்பார்.

நேரான வழி வைஃபை காலிங். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் டவரே எட்டாத அறையிலும் பேசலாம். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் வைஃபை காலிங் ஆன் செய்யுங்கள், இரண்டு சிம்முக்கும் தனித்தனியாக. விருப்பம் கேட்டால் "வைஃபை முன்னுரிமை" கொடுங்கள். இல்லையென்றால் போன் -115 சிக்னலையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே வைஃபை காலிங் அடையாளம் வந்த பிறகு ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து ஒரு கால் போட்டுப் பாருங்கள். போனால் வேலை முடிந்தது.

அடையாளம் வராவிட்டால் ரௌட்டரைப் பாருங்கள். வைஃபை காலிங் ஐபிசெக் சுரங்கம், அதாவது இணையத்துக்குள் பூட்டிய ஒரு பாதை வழியாகப் போகிறது. யுடிபி 500, 4500 இரண்டு போர்ட்டும் வெளியே போக வழி இருக்க வேண்டும். ஃபயர்வால் "ஹை" என்று இருந்தால் "மீடியம்" ஆக்குங்கள், ஐபிசெக் பாஸ்த்ரூ இருந்தால் ஆன் செய்யுங்கள். போனில் விபிஎன் ஓடினால் அணைத்துவிட்டுப் பாருங்கள். குரல் நடுநடுவே விழுந்தால் ரௌட்டர் தூரம்தான் காரணம்: வைஃபை சிக்னல் -70 டிபிஎம்-ஐவிடக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு சுவர் தாண்டாது, கோடி அறைக்கு 2.4-தான் எட்டும். கரன்ட் போனால் ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்து காலும் போய்விடும். இரண்டும் வழக்கமாக 12 வோல்ட்டில் ஓடுகிறவை, அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து ஒரு மினி யுபிஎஸ் போட்டுவிடுங்கள்.

---

பழுதுமேசை:

இதே மாதிரி சந்தேகத்தோட இதைப் படிக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம் சேர்த்துடறேன்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த போன்னா, சோதனைக்கு முன்னாடி மாடல் நம்பரை வச்சு பேண்ட் பட்டியலைப் பாருங்க. பெட்டி மேல இருக்கிற பேர் ஒண்ணாயிருந்தாலும் நாட்டுக்கு நாடு மாடல் நம்பர் மாறும், பேண்டும் மாறும். நம்ம ஊர்ல ஜியோவுக்கு 4ஜி-யில 3, 5, 40. 5ஜி-யில என்28, என்78. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40, 5ஜி-க்கு என்78. வி-க்கு 1, 3, 8, 41. பிஎஸ்என்எல் 4ஜி-க்கு 28-ம் 1-ம். இதுல 5, 8, 28 மூணும்தான் கிராமத்திலயும் சுவருக்குள்ளயும் எட்டுறது. அது இல்லாத போன் ஊருக்குள்ள நல்லா வேலை செஞ்சு வயக்காட்டுல செத்துப்போகும். அதை எந்த செட்டிங்ஸாலயும் சரிசெய்ய முடியாது.

செகண்ட் ஹேண்ட் போன்னா *#06# அடிச்சு ஐஎம்இஐ, அதாவது போனோட அடையாள எண்ணை எடுங்க. ஆங்கில எழுத்துல கேஒய்எம், ஒரு இடைவெளி, 15 இலக்க ஐஎம்இஐ, இப்படி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா அந்த நம்பர் எந்த மாடலோடது, முடக்கப்பட்டதான்னு பதில் வரும். முடக்கின போன் எந்த சிம் போட்டாலும் நெட்வொர்க்ல நிக்காது.

உண்மையிலேயே 10 டெசிபெல்லுக்கு மேல வித்தியாசம் வந்தா திறக்க விடாதீங்க, மாத்திக் கேளுங்க. திறந்தா தண்ணி புகாம ஒட்டியிருக்கிற பசை போயிடும். ரெண்டு போனையும் பக்கத்துல வச்சு, செல் நம்பர் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டுப் போங்க. "சாஃப்ட்வேர் போட்டிருக்கோம், பாருங்க"ன்னு திருப்பிக் கொடுத்தாலும் தேதி போட்ட ஜாப் ஷீட் (சர்வீஸ் ரசீது) வாங்காம வராதீங்க. கெடு முடியறதுக்குள்ள புகார் செஞ்சதுக்கு அதுதான் ஆதாரம்.

---

வாய்க்கால்மேடு:

வோஎன்ஆர் பட்டன் இருந்தது, அணைத்தாயிற்று. கவரும் மாறிவிட்டது. இப்போது கால் தெளிவாகப் போகிறது, சூடும் குறைந்திருக்கிறது. மாடியில் 5ஜி -88 வருகிறது, ஆக அடைப்பது வீடுதான். ஒரு கேள்வி: இரண்டாவது சிம் 4ஜி-யிலேயே கூடத்தில் -116. சிம் பழசு. மாற்றிப் பார்க்கவா, இல்லை வேறு கம்பெனிக்கு மாறிவிடவா?

---

அலைக்கற்றை:

சிம் அட்டையை மாற்றினால் ஆர்எஸ்ஆர்பி மாறாது. அது டவருக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே உள்ள கணக்கு. தொடர்பு விட்டுவிட்டு வந்தால்தான் அட்டையைச் சந்தேகப்பட வேண்டும். உங்களுக்கு நிலையாக -116 என்றால் அந்தக் கம்பெனியின் டவர் தூரம்.

முதலில் 198-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள். "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொல்லாமல் இடம், பேண்ட், பிசிஐ, ஆர்எஸ்ஆர்பி நான்கையும் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். டவர் ஆன்டெனா திரும்பியிருந்தாலோ ஒரு செக்டர் (டவரின் ஒரு திசைப் பகுதி) படுத்திருந்தாலோ அந்த விவரத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். எந்தக் கம்பெனியின் டவர் பக்கத்தில் இருக்கிறது என்பதை அரசின் தரங் சஞ்சார் தளத்தில் பார்க்கலாம்.

மாறுவதென்றால், மாறப்போகும் கம்பெனியின் சிம் வைத்திருக்கும் ஒருவரின் போனை உங்கள் கூடத்து மேசையில் வைத்து எண் எடுத்த பிறகு மாறுங்கள். சிம்மை மட்டும் இப்போது மாற்றிவிடாதீர்கள்: சிம் மாற்றிய நாளிலிருந்து 7 நாளைக்கு போர்ட் செய்வதற்கான (அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான) குறியீட்டு எண் கிடைக்காது. அந்தத் தடை இல்லையென்றால், ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு உங்கள் 10 இலக்க எண்ணோடு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வரும் குறியீட்டு எண் 4 நாள் செல்லும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் என்றால் 3 வேலை நாளில் மாறும். மாறும் அன்று பழைய சிம் அணைந்ததும் புது சிம்மைப் போட்டு, வோல்ட்டி, வைஃபை காலிங் இரண்டையும் மறுபடி ஆன் செய்ய வேண்டியிருக்கும். அந்த செட்டிங்ஸ் சிம்முக்குச் சிம் தனி.